நான்காவது பாய்

2019 ஆகஸ்ட் 19, திங்கட்கிழமை. டோங்கா, கொலோவாய் கிராமம். காலை ஆறு மணி பத்து நிமிடத்துக்கு அனசேனியின் படுக்கையறையிலிருந்த எடை மெஷின் 119.4 கிலோ காட்டியது.

அவள் இறங்கினாள். கண்ணாடித் தட்டில் எண் அணையும்வரை காத்திருந்து மறுபடி ஏறினாள். அதே 119.4. மூன்றாம் முறை ஏறுவதற்கு முன் காதுத் தோடுகளைக் கழற்றி வைத்தாள். எண் மாறவில்லை. தோடுகளைத் திரும்பப் போட்டுக்கொண்டாள்.

அன்று ஆஸ்பத்திரியில் கடைசியாக எடை பார்க்கிற நாள். இந்த எண்ணுக்காக நான்கு மாதங்கள் போயிருந்தன. வலது முழங்காலில் எலும்பும் எலும்பும் உரசுகின்றன என்று ஏப்ரலில் படம் எடுத்துச் சொன்னார்கள். வருஷத்துக்கு ஒருமுறை, ஆகஸ்டில், நியூசிலாந்திலிருந்து மருத்துவர் குழு ஒன்று வந்து பத்து நாள் தங்கி மூட்டு மாற்றிக் கொடுக்கிறது. எட்டுப் பேருக்குத்தான் இடம். மயக்க மருந்து கொடுக்கும் டாக்டரின் நிபந்தனை ஒன்றே ஒன்று: எடை 120 கிலோவுக்குக் கீழே இருக்க வேண்டும். அன்று ஆஸ்பத்திரியில் அனசேனியின் எடை 134.2.

பிறகு நடந்தது வாரம் தவறாமல் படிப்பவர்களுக்குத் தெரியும். மகள் ஃபதாய் எடை மெஷின் வாங்கி வந்தாள். ஆட்டு விலாக்கறி வீட்டுக்குள் வருவது நின்றது. அனசேனி சேப்பங்கிழங்கைப் பாதியாகக் குறைத்தாள். விடியற்காலையில் கைத்தடியை ஊன்றிக்கொண்டு தேவாலயம்வரை நடந்து திரும்பினாள். சனிக்கிழமைதோறும் எடை பார்த்து, திங்கட்கிழமை நர்ஸ் மெலியானேவிடம் போனில் சொன்னாள். அந்த எண்ணை ஃபதாய் ஃபிரிட்ஜ் கதவில் எழுதி ஒட்டினாள்.

ஜூன் மாதம் கணவனின் அக்கா பிஸிலா வந்தாள். செப்டம்பரில் அவள் மகளுக்குக் கல்யாணம். தாழை ஓலையில் இரட்டை அடுக்காக முடைந்த பெரிய பாய்கள் நான்கு வேண்டும் என்றாள். அப்பாவுடன் பிறந்த மூத்தவள் கேட்டால் இந்தத் தீவில் எந்த வீட்டிலும் இல்லை என்று சொல்வதில்லை. பாய்கள் முடியும்வரை இங்கேயே இருந்து வாங்கிக்கொண்டு போவதாக முன்னறையில் பெட்டியை வைத்தாள்.

குளியலறை ஒன்றுதான். நாத்தனார் வெளியே நின்று கதவைத் தட்டும்போது எடை மெஷின் மேல் நிற்க அனசேனிக்குக் கூச்சமாக இருந்தது. மெஷின் படுக்கையறைக்குப் போனது.

கிராமத்துப் பெண்கள் கூடி முடைந்த பாய்களும் அதே அறைக்குத்தான் வந்தன. முடைந்த பாயின் ஓரம் சுருண்டு நிற்கும். கம்பளி நூல் குஞ்சம் தைப்பதற்கு முன் அதைத் தரையில் விரித்து, நடந்து, படிய வைக்க வேண்டும். அவ்வளவு பெரிய தரை வீட்டில் வேறு எங்கும் இல்லை. ஜூனில் ஒரு பாய் விரித்தார்கள். ஜூலை தொடக்கத்துக்குள் அதன் மேல் இன்னும் இரண்டு. ஜூலைக் கடைசியில் நான்காவது.

மெஷின் பாய்களின் மேலேயே இருந்தது. எடை குறைந்துகொண்டே வந்தது.

*

அந்தத் திங்கட்கிழமை காலை அனசேனியின் கணவன் சகோபோ படுக்கையறைக் கதவுக்கு வெளியே நின்றுகொண்டிருந்தான். இரவு சரியாகத் தூங்கவில்லை. சட்டைப் பொத்தான்களைக்கூட மாற்றி மாட்டியிருந்தான்.

பறங்கிக்காய் ஏற்றுமதிக் கொட்டகையில் பதினேழு வருஷமாக எடை போடுபவன் அவன். ஒவ்வொரு பருவத்திலும் முதல் பெட்டி வருவதற்கு முன் தராசைச் சமமான சிமென்ட் தரையில் நிறுத்துவான். ஆடுகிறதா என்று அடியில் காகிதம் செருகிப் பார்ப்பான். முத்திரை குத்திய இருபது கிலோ இரும்புகளை ஒவ்வொன்றாக ஏற்றிச் சரிபார்ப்பான். அவன் சொன்ன எண்ணை எந்த விவசாயியும் திருப்பிக் கேட்டதில்லை.

ஜூலை ஆறாம் தேதி நடந்ததை அவன் யாரிடமும் சொல்லவில்லை.

அது ஒரு சனிக்கிழமை. காலையில் கொட்டகையில் ஆட்கள் வேடிக்கைக்காக ஒருவரையொருவர் தராசில் ஏற்றிவிட்டார்கள். சகோபோ 143. மதியம் வீட்டுக்கு வந்தபோது அனசேனி சமையல் கட்டில் பாடிக்கொண்டிருந்தாள். "நூத்தி இருபத்தி நாலு" என்று கரண்டியைத் தூக்கிக் காட்டினாள். கண் கலங்கியிருந்தது. அந்த முழங்காலோடு அவள் பாடி அவன் இரண்டு வருஷமாகக் கேட்டதில்லை.

சட்டை மாற்ற அறைக்குள் போனவன் விளையாட்டாக அந்த மெஷினில் ஏறினான். 134.

சிரித்தான். ஒரே மதியத்தில் ஒன்பது கிலோ குறைந்த கதையைக் கொட்டகையில் சொல்லலாம் என்று நினைத்தான். பிறகு சிரிப்பு நின்றது. குனிந்து மெஷினின் ஓரத்தை விரலால் தடவினான். நான்கு கால்களும் பாய்க்குள் அமுங்கி, அடித்தட்டு பாயின் மேல் படிந்திருந்தது. மெஷினை வாசற்படிச் சிமென்ட்டில் வைத்து ஏறினான். 143.

சமையல் கட்டில் பாட்டு இன்னும் கேட்டது.

அவன் மெஷினைத் தூக்கிக்கொண்டு போய்ப் பழையபடி பாயின் மேல் வைத்தான். அடுத்த வாரம் சொல்லலாம் என்று நினைத்தான்.

அதற்குப் பிறகு ஆறு சனிக்கிழமைகள் போயின.

*

"அனசேனி" என்று கதவோரமாகக் கூப்பிட்டான். "ஒரு நிமிஷம் வெளிய வா. ஒண்ணு சொல்லணும்."

உள்ளேயிருந்து வந்தது அவள் குரல் அல்ல. "யாரு, சகோபோவா? நான் உள்ள இருக்கேன்."

பிஸிலா. விடிந்ததும் பாய்களைப் பார்க்க வந்திருந்தாள்.

டோங்கா வழக்கப்படி அக்கா இருக்கும் அறைக்குள் தம்பி நுழைவதில்லை. அவள் காதில் விழும்படி உடம்பைப் பற்றிப் பேசுவதில்லை, அதிலும் மனைவியின் உடம்பைப் பற்றி. இருவருக்கும் ஐம்பது தாண்டியும் அது அப்படியேதான் இருந்தது. சகோபோ இரண்டடி பின்னால் போனான்.

"ஒண்ணுமில்லக்கா. வண்டி எத்தனை மணிக்குக் கிளம்புதுன்னு கேக்க வந்தேன்."

"வண்டி உன்னுது. எங்கிட்ட கேக்கறே?"

"ஏழரைக்குப் போலாம்."

"அதை எனக்கு ஏன் சொல்றே? வண்டிகிட்ட போய்ச் சொல்லு."

அனசேனி சிரித்தது கேட்டது. அவன் முற்றத்துக்குப் போய் வண்டியின் சக்கரங்களை ஒவ்வொன்றாக மிதித்துப் பார்த்தான்.

அவன் காலடி ஓசை தேய்ந்ததும் பிஸிலா குரலைத் தாழ்த்தினாள். "எவ்வளவு காட்டுது? சொல்லு."

"நூத்திப் பத்தொன்பது புள்ளி நாலு."

"அடி பாவி! இப்படியே போனா என் தம்பி உன்னைக் கண்டுபிடிக்கக் கண்ணாடி போடணும்."

"அவன் முதல்ல சட்டைப் பொத்தானை நேரா போடட்டும்."

பிஸிலா தம்பி மனைவியின் முகத்தை இரண்டு கைகளாலும் பிடித்து நெற்றியில் முத்தமிட்டாள். இருவரும் மெஷினைச் சுற்றி நான்கு பாய்களின் மேல் நின்றிருந்தார்கள்.

"இந்த வீட்லயே என்னைத் திட்டாத ஆளு இந்த மெஷின் ஒண்ணுதான்" என்றாள் அனசேனி.

"நான் திட்டறேனா?"

"நேத்து ரெண்டாவது கீரைப் பொட்டலம் எடுத்தப்போ என் தட்டைப் பார்த்தீங்களே, அதுக்குப் பேரு என்னவாம்?"

பிஸிலா பார்த்தது உண்மைதான். மூன்று ஞாயிறுகளாக அனசேனி கொஞ்சம் தளர்ந்திருந்தாள். ஆகஸ்ட் மூன்றாம் தேதியே மெஷின் 119-ஐக் காட்டிவிட்டது. எல்லையைத் தாண்டியாகிவிட்டது, இனி தக்கவைத்தால் போதும் என்று நினைத்தாள். தேவாலயம் முடிந்து வந்து, குழிக்குள் மூடி வைத்த மண் அடுப்பைத் திறந்தபோது, தேங்காய்ப்பாலில் வெந்த கீரைப் பொட்டலம் ஒன்றுக்கு இரண்டாக எடுத்துக்கொண்டாள். நடையும் மூன்று நாள் நின்றது.

*

வண்டியை ஃபதாய் ஓட்டினாள். பக்கத்தில் அம்மா, ஜன்னலோரம் அத்தை. முன்னால் மூன்று பேர்தான் உட்கார முடியும். முடிந்தாலும் சகோபோ அங்கே உட்கார்ந்திருக்க மாட்டான். பின்னால், திறந்த வண்டியில், உபரிச் சக்கரத்தின் மேல் உட்கார்ந்திருந்தான்.

பள்ளத்தில் வண்டி இறங்கியபோது பின்பக்கம் கனத்துத் தாழ்ந்தது.

"அப்பா பின்னாடி இருக்கார்னு ரோட்டுக்கே தெரியுது" என்றாள் ஃபதாய்.

"வாயை மூடு. அத்தை இருக்காங்க."

"நான் ரோட்டைப் பத்திதானே சொன்னேன்?"

பிஸிலா ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். தோள் குலுங்கியது.

அனசேனி மடியில் ஒரு பை வைத்திருந்தாள். மாற்றுத் துணி, பைபிள், குளிர்ந்தால் போட்டுக்கொள்ளக் காலுறை. எடை சரியாக இருந்துவிட்டால் அன்றே சேர்த்துக்கொள்வார்கள் என்று மெலியானே போனில் சொல்லியிருந்தாள்.

"ஆபரேஷன் முடிஞ்சா தரையில உட்கார முடியுமாம்மா?"

"சம்மணம் போட முடியாதாம். காலை நீட்டி உட்காரலாம்னு டாக்டர் சொன்னார். அது போதும். காலை நீட்டி உட்கார்ந்தா பாய் முடையலாம்."

பாய் முடைவது தரையில் வரிசையாக உட்கார்ந்து செய்கிற வேலை. இரண்டு வருஷமாக அனசேனி மூலையில் நாற்காலி போட்டு உட்கார்ந்து, மற்றவர்களுக்கு ஓலை சீவிக் கொடுக்கிறாள். வரிசையில் அவள் இடம் நடுவில். அந்த இடத்தில் இப்போது யாரோ ஒருத்தியின் மருமகள் உட்கார்ந்திருக்கிறாள்.

"அடுத்த வருஷம் உன் கல்யாணப் பாயை நடுவுல உட்கார்ந்து நானே ஆரம்பிக்கிறேன்" என்றாள் மகளிடம்.

"மாப்பிள்ளைய யார் ஆரம்பிப்பா?"

"அதை அத்தைகிட்ட கேளு."

முன்னால் மூவரும் சிரித்தார்கள். பின்கண்ணாடி வழியாக அது சகோபோவுக்குத் தெரிந்தது. கண்ணாடியைத் தட்டி வண்டியை நிறுத்தச் சொல்ல வேண்டும் என்று தோன்றியது. நிறுத்தினால் அனசேனியை மட்டும் இறக்கித் தனியே கூட்டிப்போக வேண்டும். அக்கா ஏன் என்று கேட்பாள். அவன் கையை உயர்த்தி, வண்டியின் கம்பியைப் பிடித்துக்கொண்டான்.

இது உண்மையான காரணமா என்று அவனே தன்னைக் கேட்டுக்கொண்டான். ஆறு வாரத்தில் பிஸிலா கடைக்குப் போனாள், பாட்டுப் பயிற்சிக்குப் போனாள், இரண்டு முறை தன் ஊருக்கும் போய் வந்தாள்.

*

ஆஸ்பத்திரியின் எடை மேடை தரையோடு தரையாகப் பதிக்கப்பட்டிருந்தது. பக்கத்துச் சுவரில் எண் தெரியும் பெட்டி. நர்ஸ் மெலியானே கையில் அட்டையோடு காத்திருந்தாள்.

"இடுப்புப் பாயைக் கழட்டிடுங்க அனசேனி."

"இடுப்புப் பாய் இல்லாம நாலு பேர் முன்னாடி நின்னா எங்க மாமியார் கல்லறையிலேர்ந்து எழுந்து வந்துடுவாங்க."

"வந்தா அவங்களையும் எடை போட்டுக்கலாம். கழட்டுங்க."

மரியாதைக்காக இடுப்பில் சுற்றியிருந்த பாயை அவிழ்த்து மடித்து ஃபதாயிடம் கொடுத்தாள். செருப்பை விட்டாள். கேட்காமலேயே தோடுகளையும் கழற்றினாள். ஏறினாள்.

127.6.

மெலியானே அட்டையைப் பார்த்தாள், சுவரைப் பார்த்தாள்.

"ஒரு தடவை இறங்கி ஏறுங்க."

127.6.

"உங்க மெஷின்ல ஏதோ கோளாறு" என்றாள் அனசேனி. குரல் சாதாரணமாகத்தான் இருந்தது. "காலைல ஆறு மணிக்குப் பார்த்தேன். மூணு தடவை பார்த்தேன். நூத்திப் பத்தொன்பது புள்ளி நாலு. இவங்ககூட பார்த்தாங்க."

"பார்த்தேன்" என்றாள் பிஸிலா.

மெலியானே தானே மேடையில் ஏறினாள். 81. "நேத்தும் இதேதான்" என்றாள். இறங்கி, நாற்காலியை இழுத்து அனசேனிக்குப் போட்டாள். எதிரே தானும் உட்கார்ந்தாள்.

"வீட்ல மெஷினை எங்க வச்சுப் பாக்கறீங்க?"

"மொதல்ல குளியலறைல. இப்போ படுக்கையறைல."

"சிமென்ட் தரையா?"

அனசேனி மகளைப் பார்த்தாள். "பாய் மேல" என்றாள்.

"ஒரு பாயா?"

"நாலு."

மெலியானே பேனாவை மூடிக் கீழே வைத்தாள். "அந்த மெஷினுக்கு நாலு மூலைல நாலு கால் இருக்கு. எடையை அந்தக் கால்தான் உணருது. கீழ மெத்துன்னு இருந்தா கால் உள்ள அமுங்கிடும். தட்டு பாய்ல படிஞ்சிடும். கொஞ்சம் பாரத்தைப் பாயே தாங்கிக்கும். பாய் கூடக் கூட எண்ணு குறையும்."

"அப்ப நான் குறையவே இல்லையா?"

"குறைஞ்சிருக்கீங்க. ஏப்ரல்லேர்ந்து ஆறரைக் கிலோ. அது நிஜம். சும்மா வர்றதில்ல அது." மெலியானே அவள் கையைப் பிடித்தாள். "வாரா வாரம் போன்ல எண்ணைக் கேட்டு எழுதிக்கிட்டேன். எங்க வச்சுப் பாக்கறீங்கன்னு ஒரு தடவைகூடக் கேக்கல. அது என் தப்பு."

மயக்க மருந்து டாக்டர் வந்தார். நரைத்த தலை, கழுத்தில் மூக்குக்கண்ணாடி. அட்டையை இரண்டு முறை படித்தார். அவர் சொன்னதை மெலியானே மொழிபெயர்த்தாள். இது தண்டனை இல்லை. மயக்கத்தில் மூச்சு நின்றுவிட்டால் இங்கே இருக்கும் கருவிகளை வைத்து அவரால் காப்பாற்ற முடியாமல் போகலாம். ஏழு கிலோவுக்கு மேல் கூடுதலாக இருக்கும்போது அந்த ஆபத்தில் அவர் இறங்க மாட்டார்.

"ஒரு வாரத்துல குறைச்சுடறேன்னு சொல்லு" என்றாள் அனசேனி. "எதுவும் சாப்பிடாம இருக்கேன். தண்ணி மட்டும் குடிக்கிறேன்."

டாக்டர் மறுத்துத் தலையசைத்தார். ஒரு வாரம் பட்டினி கிடந்தவளுக்கு அவர் கத்தி வைக்கச் சொல்ல மாட்டார். பிறகு அட்டையைத் திருப்பிக் கொடுத்துக்கொண்டே இன்னும் ஏதோ சொன்னார். மெலியானே அதை மொழிபெயர்க்கத் தயங்கினாள்.

"என்ன சொல்றார்?"

"நம்ம வடக்குத் தீவுலேர்ந்து வந்த ரெண்டு பேருக்கு ஜூலைல இதே மாதிரி கூடுதலா இருந்துச்சு. இங்கயே வச்சு ஆறு வாரம் பால் கஞ்சி மட்டும் கொடுத்துக் குறைச்சோம். ரெண்டு பேரும் பட்டியல்ல இருக்காங்க. உங்களோடதும் ஜூலைல தெரிஞ்சிருந்தா செஞ்சிருக்கலாம்னு சொல்றார்."

கதவு பாதி திறந்திருந்தது. வெளி வராந்தாவில் பெஞ்சில் உட்கார்ந்திருந்த சகோபோவுக்கு இது முழுவதும் கேட்டது. அவன் எழுந்து, சுவரில் ஒட்டியிருந்த தடுப்பூசி அட்டவணையின் முன் நின்றான். ஃபதாய் வெளியே வந்தபோதும் அதையே படித்துக்கொண்டிருந்தான்.

"அப்பா, போலாம்."

"ம்."

"கேட்டுதா?"

"கேட்டுது."

*

திரும்பும்போது பிஸிலா அழுதாள். வீடு வரும்வரை அழுதாள்.

"எல்லாம் என்னால. நான் வந்துதானே மெஷின் இடம் மாறிச்சு? என் பொண்ணு கல்யாணத்துக்குத்தானே பாய்? நாலு பாயும் என் பாய்."

"நீங்க என்ன செய்வீங்க? யாருக்குத் தெரியும்?" என்றாள் அனசேனி.

"நான்தான் ஓரம் படியட்டும்னு அந்த ரூம்ல விரிக்கச் சொன்னேன். மூணு போதும்னு நீ சொன்னே. நாலாவது நான் கேட்டு வாங்கினது."

பின்னால் சகோபோ உபரிச் சக்கரத்தின் மேல் குனிந்து உட்கார்ந்திருந்தான். காற்றில் வார்த்தைகள் முழுதாகக் கேட்கவில்லை. அக்காவின் அழுகை கேட்டது.

வீட்டு முற்றத்தில் வண்டி நின்றதும் பிஸிலா நேராக முன்னறைக்குப் போனாள். கால் மணி நேரத்தில் பெட்டியோடு வெளியே வந்தாள்.

"எங்க கிளம்பறீங்க?"

"ஊருக்கு. ரெண்டு மணி பஸ் இருக்கு."

"பாயை யார் எடுத்துட்டுப் போவா? வெள்ளிக்கிழமை குஞ்சம் தைக்க எல்லாரும் வர்றாங்க."

"எனக்கு அந்தப் பாய் வேண்டாம்."

பக்கத்து வீட்டுப் பன்றிக்குட்டிகள் வேலிக்கு அடியில் புகுந்து வந்தன. ஃபதாய்கூட அவற்றை விரட்டவில்லை. கேட்டு வாங்கும் உரிமை உள்ளவள் வேண்டாம் என்று சொல்லி இந்தக் குடும்பத்தில் யாரும் கேட்டதில்லை. அப்படிச் சொன்னது ஊருக்குத் தெரிந்தால், இந்த வீட்டில் அவளுக்கு ஏதோ அவமானம் நடந்துவிட்டது என்றுதான் பேசுவார்கள்.

"அத்தை, பாய் என்ன பாவம் பண்ணிச்சு?"

"உங்கம்மா காலை முறிச்சுச்சு. அதுல என் பொண்ணு உட்காரணுமா?"

சகோபோ தண்ணீர்த் தொட்டியின் அருகில் நின்றிருந்தான். பத்தடி தூரம். அந்தப் பத்தடியில் நின்றபடி ஒரே ஒரு வாக்கியம் சொன்னால் போதும். அதில் எடை வரும், மெஷின் வரும், மனைவியின் படுக்கையறை வரும். அவன் குழாயைத் திறந்து கை கழுவினான். பிஸிலா அவனைப் பார்க்காமல், அவனும் அவளைப் பார்க்காமல், பெட்டியோடு சாலைக்குப் போனாள். ஃபதாய் பின்னாலேயே ஓடிப் பெட்டியை வாங்கிக்கொண்டாள்.

*

நான்கு மணிக்கு அனசேனி பாய்களைச் சுருட்ட ஆரம்பித்தாள். ஃபதாய் ஒரு முனையைப் பிடித்துக்கொண்டாள். நான்கும் சுருண்டு சுவரோடு சாய்ந்ததும் சிமென்ட் தரை தெரிந்தது. இரண்டரை மாதம் வெளிச்சம் படாத தரை.

எடை மெஷினை அங்கே வைத்து ஏறினாள். 127.9. இறங்கினாள். சுருட்டியதில் ஒன்றை மறுபடி விரித்து, மேலே வைத்து ஏறினாள். எண் இறங்கியது. இன்னொரு பாய். இன்னும் இறங்கியது.

"போதும்மா."

"இரு. பாத்துக்கறேன்."

மூன்றாவது பாயையும் விரித்து ஏறியவள், ஃபதாய் நான்காவதன் முனையைப் பிடித்தபோது நிறுத்தினாள். ஏதோ ஞாபகம் வந்ததுபோல நிமிர்ந்தாள்.

"உங்கப்பாவைக் கூப்பிடு."

சகோபோ வந்து வாசற்படியில் நின்றான். இப்போது உள்ளே போகத் தடையில்லை. ஆனாலும் நின்றான்.

"நீ எடை போடற ஆளு" என்றாள் அனசேனி. "பதினேழு வருஷமா அதுதான் உன் வேலை. இது உன் படுக்கை பக்கத்துலதான் கிடந்துச்சு. ஒரு தடவைகூட ஏறிப் பாக்கலியா?"

அவன் தரையைப் பார்த்தான்.

"சகோபோ. கேக்கறேன்ல?"

"ஏறினேன்."

"எப்போ?"

"ஜூலை ஆறாம் தேதி. மூணு பாய் இருந்துச்சு."

ஃபதாய் கையிலிருந்த பாய் முனை நழுவி விழுந்தது.

"எவ்வளவு காட்டிச்சு?"

"நூத்தி முப்பத்தி நாலு. படியில வச்சுப் பார்த்தேன். நூத்தி நாப்பத்தி மூணு."

"அப்புறம் என்ன செஞ்சே?"

"திரும்ப பாய் மேல வச்சேன்."

அனசேனி எடை மெஷினின் மேல் நின்றபடியே இருந்தாள். எண் அணைந்துவிட்டது.

"நீ அன்னைக்குப் பாடிக்கிட்டிருந்தே" என்றான். "அதை நிறுத்த மனசு வரல. அடுத்த வாரம் சொல்லலாம்னு இருந்தேன். அடுத்த வாரம் இன்னும் குறைஞ்சுதுன்னு சொன்னே. அதுக்கப்புறம் சொல்றது கஷ்டமாயிடுச்சு."

"ஜூலைல தெரிஞ்சிருந்தான்னு அந்த டாக்டர் சொன்னது உனக்குக் கேட்டுதா?"

"கேட்டுது."

"வண்டியில உங்கக்கா அழுதது?"

"கேட்டுது."

"முற்றத்துல அவங்க பாய் வேண்டாம்னு சொன்னப்போ நீ என்ன பண்ணிக்கிட்டிருந்தே?"

கை கழுவினேன் என்று அவனால் சொல்ல முடியவில்லை.

"நான் பாடினா நல்லா இருக்குன்னு நினைச்சே" என்றாள் அனசேனி. கத்தவில்லை. "எனக்குப் பாட்டு வேணாம் சகோபோ. எனக்குக் கால்தான் வேணும்."

கைத்தடியை எடுத்து ஊன்றி மெஷினிலிருந்து இறங்கினாள். தலையணையை எடுத்து மகளிடம் கொடுத்தாள். "உன் ரூம்ல போடு."

அவள் கதவைத் தாண்டும்போது அவன் ஒதுங்கி வழிவிட்டான்.

"நான் போய் அக்காகிட்ட சொல்லிடறேன்" என்றான்.

"என்னன்னு சொல்லுவே? எடைன்னு சொல்லுவியா? என் பேரைச் சொல்லுவியா? அவங்க முன்னாடி உன் வாயில அது வருமா?"

"தெரியல."

"நான் சொல்ல மாட்டேன். ஃபதாயும் சொல்ல மாட்டா. வெள்ளிக்கிழமைக்குள்ள நீயே போய்ச் சொல்லு. இல்லன்னா காலம் பூரா உங்கக்கா அதைச் சுமக்கட்டும்."

பிஸிலாவின் ஊருக்குக் கடைசி பஸ் ஐந்தே காலுக்கு. சகோபோ நான்கு ஐம்பதுக்குச் சட்டையைக் கழற்றி, பொத்தானை நேராகப் போட்டு, இடுப்புப் பாயைக் கட்டிக்கொண்டு சாலையில் போய் நின்றான். பஸ் வந்தது, நின்றது. அவன் ஏறவில்லை. வீட்டுக்குத் திரும்பி, படுக்கையறையிலிருந்த எடை மெஷினைத் தூக்கிக் குளியலறைச் சிமென்ட்டில் வைத்தான். அடியில் காகிதம் செருகி, ஆடுகிறதா என்று பார்த்தான். ஆடவில்லை.

செவ்வாய்க்கிழமை காலை பத்து மணிக்கு ஆஸ்பத்திரி வராந்தாவில் பட்டியலை ஒட்டினார்கள். எட்டுப் பெயர்கள் இருந்தன. அனசேனியின் பெயர் இல்லை. அடுத்த குழு 2020 ஆகஸ்டில் வரும் என்று கீழே எழுதியிருந்தது.